சனிக்கிழமைக் கால்

கால் உடைந்ததில் எனக்கு ஒரு லாபம் இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, சொல்லித் தொலைக்கிறேன். என் வீட்டுக்காரர் எனக்குக் கோப்பி கலக்க ஆரம்பித்தார்.

மழை நாளில் சுங்கை பினாங் பக்கம் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தேன். கணுக்காலில் பிளேட் வைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி அவர் முருகனிடம் வேண்டிக்கொண்டார்: இவள் நேராக நடக்கிறவரைக்கும் மீனைத் தொடமாட்டேன். சும்மா வேண்டுதல் இல்லை அது. கெம்போங் மீன் குழம்பு இல்லாவிட்டால் தட்டை முறைத்துப் பார்க்கிற மனுஷன் அவர். அக்கரையில் பிறை கம்பெனியில் ஷிப்ட் முடிந்து, கடல் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்து, சாம்பார் வைத்து எனக்குப் போட்டுவிட்டு, தானும் அதையே தின்றார்.

முதலில் வலி நிஜம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எப்போது முழுசாகப் போனது என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. பகலில் தனியாக இருக்கும்போது துணி காயப்போடவும் அடுப்பை அணைக்கவும் சரசரவென்று நடப்பேன். சாயங்காலம் கிரில் கதவில் அவர் சாவி போடும் சத்தம் கேட்டால் போதும், கால் தானாக இழுக்கும். நடிப்பு என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கவே போயிருப்பேன். கல்யாணமான நாளிலிருந்து "பசியாறிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்காத ஆள், "மெதுவா, மெதுவா லா" என்று கையைப் பிடிக்கிறார். எந்தக் கால்தான் இழுக்காது?

காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், நம்ம தமிழ்ப் பொண்ணுதான், ஒரு புதன்கிழமை தீப்பெட்டி அளவில் சின்னச் சின்ன சென்சார்களை எடுத்து என் ரெண்டு கணுக்காலிலும் இடுப்பிலும் கட்டிவிட்டாள். "வீட்ல எப்பவும் போல நடங்க ஆண்ட்டி. சனிக்கிழமை வரைக்கும் இருக்கட்டும். குளிக்கிறப்ப மட்டும் கழட்டுங்க."

நான் சும்மா இருந்தேனா? பாயான் லெப்பாஸ் கம்பெனியில் இந்த மாதிரி சென்சாருக்குள் போகிற சில்லுகளைத்தான் வருஷக்கணக்காக மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிறேன். ஷிப்ட் முடிந்து என்னைக் கூட்டிப்போக வந்தவருக்குக் காரில் பாடமே எடுத்துவிட்டேன். "இது எத்தனை எட்டு வச்சோம்னு எண்ணும், அவ்ளோதான். எங்க சாமான்தானே, எனக்குத் தெரியாதா?" சில்லில் கீறல் இருக்கிறதா இல்லையா என்பதைத் தவிர அதைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

திங்கட்கிழமை அவரும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். அந்தப் பெண் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள். வலது காலுக்கு ஒரு கோடு, இடது காலுக்கு ஒரு கோடு.

"ரெண்டு கோடும் ஒண்ணா போனா நடை சமமா இருக்குன்னு அர்த்தம். பாருங்க அங்கிள், வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பகல்ல எவ்ளோ அழகா போகுது! சாயங்காலம் ஆனா பிரிஞ்சிடுது. களைப்பா இருக்கும்."

அவள் அதோடு விட்டாளா? "ஆனா சனிக்கிழமை மட்டும் ஏன் காலையிலேருந்தே இழுக்குது? அன்னிக்கு என்ன ஆச்சு ஆண்ட்டி?"

சனிக்கிழமைதான் அவருக்கு ஓய்வு நாள். அன்றைக்குப் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன நேரம் தவிர முழுக்க வீட்டில் இருந்தார்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேலைக்குப் போன பகலில் சரியாக நடந்த கால், அவர் வீட்டில் இருந்தபோதெல்லாம் இழுத்திருக்கிறது. இது புரியாத அளவுக்கு அவர் ஒன்றும் மக்கு இல்லை.

"அது என் தப்பும்மா," என்றார் அந்தப் பெண்ணிடம். "சனிக்கிழமை நான்தான் பாசாருக்குக் கூட்டிட்டுப் போயி ரொம்ப நடக்க வச்சிட்டேன்."

பாசாருக்கு அவர் தனியாகத்தான் போனார். முருங்கைக்கீரை வாங்கிவந்து தானே உட்கார்ந்து ஆய்ந்தார். நான் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "காம்போட போடுறீங்க, கண்ணு தெரியலையா?" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இனிமே அப்படிச் செய்யாதீங்க அங்கிள்," என்று அந்தப் பெண் அவரைக் கண்டித்தாள். அவரும் சரி சரி என்று தலையாட்டினார். செய்யாத தப்புக்கு எனக்காகத் திட்டு வாங்குகிறார், நான் பக்கத்தில் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

வெளியே வந்தோம். வழக்கம்போலக் கையை நீட்டினார், நானும் பிடித்துக்கொண்டேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பேன், எனக்கு வாயா இல்லை? கார் நிறுத்துகிற இடம் வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இன்னிக்கு மீன் வாங்கலாமா?"

"வாங்கலாங்க," என்றேன்.

அவர் கையை விட்டுவிட்டு நடந்தேன். நேராக, வீட்டில் தனியாக நடப்பது போலவே நடந்தேன். கார் கிட்டே போய்த் திரும்பிப் பார்த்தால் அவர் இன்னும் பாதி வழியில் இருந்தார். எனக்காகப் பழகிக்கொண்ட அந்த மெது நடையிலேயே வந்துகொண்டிருந்தார்.