கோட்டைக்குப் பக்கத்து மதில்

என் தங்கச்சி பல வருஷங்களுக்குப் பிறகு கனடாவிலிருந்து நெடுந்தீவுக்கு வந்தாள். அவளுடைய கணவரும் கூட வந்தார். காலையில் குறிகட்டுவானில் படகு ஏறி வந்து பின்னேரப் படகில் திரும்பிவிடுவார்கள். அந்த ஒரு பகலில் ஊரை நான்தான் அவளுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தேன். என்னிடம் இருப்பது சைக்கிள். அதனால் ஓட்டோ வைத்திருக்கும் என் கூட்டாளியை நானே கூப்பிட்டேன். அதுதான் பிழை.

அவன் ஓட்டோ ஓடுவதோடு நிற்பவன் இல்லை. முதலில் போன பழைய புறாக்கூட்டடியிலேயே தொடங்கிவிட்டான். முந்தி இங்கே ஆண்ட ஒல்லாந்தர், அந்த டச்சுக்காரர், புறாவின் காலில் கடிதம் கட்டி அனுப்பிய கதையைச் சொல்லி, தன் கையையே புறாவாக்கிப் பறக்கவிட்டான். தங்கச்சி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அந்தக் கதை எனக்கும் தெரியும். அவன் முடித்த பிறகு, "ஓம், அப்பிடித்தான்" என்றேன். ஒருவருக்கும் கேட்கவில்லை.

அவனும் என்னைப் போல ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். அவன் படித்தவன் என்றாலாவது என் மனம் ஆறியிருக்கும்.

பிறகு போன ஒல்லாந்தர் கோட்டைக்குள் இடிந்த படியடியில் தங்கச்சி, "இது என்ன அண்ணை?" என்றாள். நான் திரும்பினேன். அவள் அவனைப் பார்த்துக் கேட்டிருந்தாள்.

வெளியே வந்ததும் பக்கத்துக் காணியின், பவளப்பாறையான முருகைக்கல்லால் அடுக்கிய மதிலடியில் அவன் நின்றான். மதிலின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது.

"இது ஒல்லாந்தர் விட்ட ஓட்டை. படுத்துக்கிடந்து துவக்கை நீட்டிச் சுடுறதுக்கு. கடலால வாறவனுக்கு ஆள் எங்க எண்டே தெரியாது."

தங்கச்சியின் கணவர் வெள்ளைச் சட்டையோடு நிலத்தில் படுத்து ஓட்டையால் பார்த்தார். "அங்கால ஒரு மாடுதான் நிக்குது."

"சுட்டுப்போடாதேங்கோ. ஒல்லாந்தற்ற மாடாயிருக்கும்," என்றான் அவன்.

அந்த மதிலை அடுக்கியவன் நான். போன மாரி மழையில் விழுந்ததைக் காணிக்காரர் கேட்டதால் மூன்று நாள் நின்று அடுக்கினேன்.

"அது நான் அடுக்கினது," என்றேன். "ஓட்டை மழைத்தண்ணி போறதுக்கு."

உண்மை தெரியட்டும் என்று சொல்லவில்லை. தங்கச்சிக்கு முன்னால் அவன் முகம் சுருங்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

அவன் முகம் சுருங்கவில்லை. "பாத்தியளே தங்கச்சி. ஒல்லாந்தற்ற கோட்டை இடிஞ்சுபோச்சு, உங்கட அண்ணையின்ர மதில் நிக்குது. ஊர்க்காரன் நானே ஏமாந்திட்டன்."

எல்லோரும் சிரித்தார்கள். கணவரும் சட்டையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். தங்கச்சி மதிலைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சாந்து ஒண்டும் இல்லாம எப்பிடி அண்ணை நிக்குது?"

இந்த முறை என்னைத்தான் கேட்டாள். காலையிலிருந்து நான் காத்திருந்தது இதற்குத்தான். ஒரு கல்லைத் தொட்டேன். "இது... முதல்ல கல்லை..." அதற்கு மேல் வரவில்லை. அவள் பொறுமையாக நின்றாள். அந்தப் பொறுமையைப் பார்த்ததும் இருந்த சொல்லும் போய்விட்டது.

அவன் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தான். பிறகு மெதுவாகத் தொடங்கினான். பெரிய கல்லை அடியில் வைப்பது, இடைவெளியில் சிறுகல்லை இறுக்குவது, காற்றுப் போக வழி விடுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். எங்காவது ஒரு பிழை விடுவான் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். அவன் விடவில்லை. தங்கச்சி தலையை ஆட்டி ஆட்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.