நீலத் தொப்பிக்குப் பின்னால்

இனி வீட்டிலிருந்தே வேலை என்று அலுவலகம் அறிவித்தபோது எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் நான்தான். மல்லேஸ்வரத்தில் ஒற்றை ஆளுக்கு ஒரு வீடு, ஒற்றை ஆளுக்குச் சமையல், ஏன் எதற்கு என்று கேட்க யாருமில்லை. இரண்டு வருடத்தில் அந்தச் சந்தோஷம் புளித்துவிட்டது. சில நாட்களில் “மேடம், நீங்க மியூட்ல இருக்கீங்க” என்பதுதான் என் காதில் விழுந்த ஒரே பேச்சு. நாற்பத்தாறு வயதில் ட்ரையத்லான் போட்டிக்கு இறங்கியது உடம்புக்காக என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். சுத்தப் பொய். மனிதர்கள் இருக்கும் இடத்துக்குத் தினமும் போக எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

சைக்கிளும் ஓட்டமும் எப்படியோ கைவந்தன. நீச்சல்தான் மானத்தை வாங்கியது. பயிற்சியாளர் இதே ஊரில் மர்பி டவுன் பகுதிக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். கரையில் நடந்தபடியே கன்னடம் கலந்த தமிழில் கத்துவார். “தலையத் தூக்காதீங்க மேடம்! தலை மேல வந்தா கால் கீழ போகும். சொல்ப பக்கவாட்டுல திரும்பி மூச்சு எடுங்க, போதும்.” தண்ணீருக்குள் மூச்சை விடுவது, முழங்கையை உயர்த்தித் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளுவது, காலை அடக்கி உதைப்பது என்று ஐந்து மாதம் ஓடியது.

எங்கள் தடத்தில் நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராகச் சுற்றிவருவோம். நீலத் தொப்பி அணிந்த ஒரு பெண்மணிக்குப் பின்னால் என் இடம். அவர் உதைக்கும்போது எழும் குமிழ்கள் என் முகத்தில் வந்து படும். எனக்கு முன்னால் ஒருவர் போகிறார் என்பதே பிடித்திருந்தது. வெட்கக்கேடுதான், ஒப்புக்கொள்கிறேன். குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. முந்த வேண்டுமென்றால் முன்னால் போகிறவரின் பாதத்தை விரலால் லேசாகத் தொட வேண்டும். அவர் சுவரருகே ஒதுங்கி வழிவிடுவார். வேகம் கூடிய பிறகும் நான் அவரைத் தொடவே இல்லை.

பயிற்சியாளர் ஸ்டாப்வாட்சை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். “உங்க டைமும் அந்த மேடம் டைமும் ஒண்ணாவே வருது. உங்களுக்கு மூச்சுகூட வாங்கல. தொட்டுட்டு முன்னாடி போக வேண்டியதுதானே?”

“மரியாதையா இருக்காதேன்னு பார்த்தேன்.”

“ரேஸ்ல அவங்க வரமாட்டாங்க மேடம். சனிக்கிழமை டெஸ்ட். ஆயிரத்தி ஐந்நூறு மீட்டர், நாப்பது நிமிஷம். தாண்டுச்சுன்னா உங்கள அனுப்ப மாட்டேன், கோவிச்சுக்காதீங்க.”

கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. போட்டி இல்லையென்றால் குளத்துக்கு வரவும் காரணம் இல்லை. மறுபடியும் அந்த அறை, அந்தக் கணினித் திரை.

சனிக்கிழமையும் பழக்கதோஷம் விடவில்லை, நீலத் தொப்பியின் பின்னாலேயே போனேன். மூன்றில் ஒரு பங்கு தூரம் முடிந்தபோது “லேட் மேடம், லேட்!” என்று கரையிலிருந்து சத்தம் வந்தது. கையை நீட்டி அவர் பாதத்தைத் தொட்டேன். குளிர்ந்து ஊறிப்போன தோல். கடைசியாக ஒரு மனிதரைத் தொட்டது எப்போது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

சுவரருகே அவர் ஒதுங்கினார். நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “இந்த பேட்சுக்குப் புதுசா நீங்க?” என்று கன்னடத்தில் கேட்டார். ஐந்து மாதம் அவர் பின்னாலேயே நீந்தியிருக்கிறேன். ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சுவரை உதைத்துக் கிளம்பினேன்.

முன்னால் யாரும் இல்லாத தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அடியில் கறுப்புக் கோடு மட்டும் போய்க்கொண்டிருந்தது. தலையைத் தூக்கவில்லை, தூக்கிப் பார்க்க ஒன்றும் இல்லை. சொல்லிக்கொடுத்ததெல்லாம் அன்றுதான் ஒழுங்காக வந்தது.

கடைசியாகச் சுவரைத் தொட்டபோது பயிற்சியாளர் கரையில் துள்ளிக்கொண்டிருந்தார். “முப்பத்தெட்டு! பாஸ் மேடம், பாஸ்!” நான் திரும்பிப் பார்த்தேன். நீலத் தொப்பி எப்போதோ கரையேறிப் போய்விட்டிருந்தார்.

“என்ன மேடம், சந்தோஷம்தானே?” என்றார்.

அதற்கும் ஆமாம் என்றேன்.