தோங்பாய் அக்கா திட்டி வளர்த்த கிருமி

எங்கள் தோங்பாய் அக்கா ஒன்றை நல்லது என்று சொல்லிவிட்டால், அதன் மேல் அவளுக்கு ஆசை இல்லை என்று அர்த்தம். பாங்காக்கை விட்டுத் தள்ளி இருக்கிற எங்கள் கோன்கேன் பக்கத்தில், பச்சைக் குழந்தையை யாரும் அழகு என்று சொல்வதில்லை. பேய் காதில் விழுந்தால் தூக்கிக்கொண்டு போய்விடும். அக்கா இந்த மரியாதையைக் குழந்தைகளோடு நிறுத்தவில்லை. கறவை மாடு 'எலும்புக்கூடு', புருஷன் 'தண்டம்', தன் கையால் இடித்த பப்பாளிச் சாலட் 'கழனித்தண்ணி'. தண்டம் அந்தக் கழனித்தண்ணியைக் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னும். ஒரே ஒரு தடவை வாய் தவறி ஒரு கன்றுக்குட்டியை 'என் ராசாத்தி' என்று கொஞ்சினாள். மறுநாளே அது செத்துப்போனது. அன்றோடு வாய்க்குப் பூட்டு.

அவள் வீட்டு ஊறுகாய்ப்புல் டிரம்மில்தான் அனுசித் அந்தக் கிருமியைக் கண்டெடுத்தான். தீவன ஆராய்ச்சி நிலையத்துப் பையன். பெண் பார்க்க வேண்டிய வயதில் கிருமி பார்த்துக்கொண்டிருப்பவன். மாட்டுத் தீவனத்துக்காக நறுக்கின புல்லை டிரம்மில் அடைத்தால் அதைப் பதமாகப் புளிக்க வைக்க ஒரு கிருமி வேண்டும். எங்கள் ஏப்ரல் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் டிரம் கொதிக்கும். பொட்டலத்தில் வருகிற சீமைக் கிருமி சுருண்டுவிடும், புல் அழுகிவிடும். வீடு வீடாகச் சுரண்டி எடுத்துப் பார்த்ததில், நாற்பத்தைந்து டிகிரியிலும் சொகுசாகப் பெருகியது அக்கா வீட்டுக் கிருமி மட்டும்தான்.

சோதனைக்கு அவள் கொட்டகையிலேயே இரண்டு டிரம் வைத்தார்கள். ஒன்றில் பொட்டலக் கிருமி, மற்றதில் இது. திறக்கிற நாளில் பாங்காக்கிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். சாணிக்குப் பயந்து வாசலிலேயே நின்றுகொண்டு, மாடு வளர்க்கிறவள் சொல்லட்டும், அது போதும் என்றார். அவள் வேண்டாம் என்றால் அனுசித்தின் கிருமியைக் கொட்டிவிட்டு, அவனை விதைப் பிரிவுக்கு மாற்றுவதாக ஏற்பாடு.

அக்கா பொட்டலக் கிருமி டிரம்மை முகர்ந்து, அருமை, கமகமன்னு இருக்கு என்று அளந்துவிட்டாள். அடுத்ததை முகர்ந்தாள். கண் பளபளத்தது.

"சீ, நாத்தம். இதெல்லாம் ஒரு தீவனமா?"

அனுசித்தின் முகம் வெளிறிப்போனது. அவனும் இந்த ஊர்ப் பக்கத்தான்தான், ஆனால் பயத்தில் இருக்கிறவனுக்கு எது புரியும்? அதிகாரி காரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் நானும் அங்கே நின்றிருந்தேன். ஒரே ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லேன், பிள்ளை பிழைப்பு போகிறது என்று அக்கா காதைக் கடித்தேன். அவள் என் பக்கம் திரும்பிச் சீறினாள்.

"சொல்லிட்டு இதையும் சாகக் குடுக்கச் சொல்றியாடி?"

பிறகு என்ன தோன்றியதோ, ஓடிப்போய் அதிகாரியை மறித்தாள்.

"ஐயா, அந்த நல்ல டிரம்ம நீங்களே கார்ல ஏத்திட்டுப் போயிருங்க. இந்தக் கழிசடைய மட்டும் எங்கிட்ட விட்ருங்க. யாரும் தொடக் கூடாது."

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் கொட்டகைக்குள் வந்தார். முதல் டிரம்மில் குனிந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார். இரண்டாவதில் குனிந்து, ஒரு பிடி அள்ளி முகர்ந்து, "அடடா, ரொம்ப நல்லா" என்று ஆரம்பித்தார்.

அக்கா பாய்ந்து சாணிக் கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

அவள் கையை எடுத்ததும், அவர் அனுசித்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "படு மோசம், தம்பி. ஊர் பூரா குடுங்க."