என் பிள்ளைக்குப் போட்ட ஊசி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். அதிலும் எண்பதுகளின் கடைசியில் வந்த அந்தப் பனிக்காலத்தில் நான் எரிந்து விழாத ஆளே கிடையாது. அம்பத்தூரில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. ஊரெங்கும் இருமலும் காய்ச்சலும். எங்களிலேயே பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். மிச்சப் பேர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, நாமும் எப்போது விழப்போகிறோமோ என்று ஓடிக்கொண்டிருந்தோம். வருகிற ஒவ்வொருவருக்கும் ஊசி வேண்டும். இந்தக் காய்ச்சலுக்கு ஊசி ஒன்றும் செய்யாது, கஞ்சி குடித்துவிட்டுப் படுங்கள் என்றால், "இம்மாந்தூரம் வந்தவனை ஊசி போடாம தொரத்துறியே, நீயெல்லாம் இன்னா நர்ஸு?" என்று திட்டுவார்கள்.

அதே நேரத்தில்தான் குழந்தைகளுக்குத் தட்டம்மையும் பரவியது. அது வராமல் தடுக்க நிஜமாகவே ஊசி இருந்தது. புதிதாக வந்திருந்தது, இலவசம் வேறு. ஆனால் அதைப் போட்டுக்கொள்ள யாரும் வரமாட்டார்கள்! நன்றாக விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு ஊசி குத்திக் காய்ச்சல் வரவைப்பானேன் என்பது அவர்கள் நியாயம். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். நெஞ்சில் சளி கட்டி மூச்சுக்குத் தவிக்கிற குழந்தைகளை வார்டில் நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பார்க்கவில்லை.

எங்கள் வீடு மண்ணூர்பேட்டையில். வாரத்துக்கு ஒருநாள் எங்கள் தெரு பால்வாடியில் தடுப்பூசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியோடு போய் உட்காருவோம், நானும் ஒரு சீனியர் அக்காவும். எதிரே தெருமுனையில் ஓர் அம்மாவின் இஸ்திரி வண்டி. எஸ்டேட் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற ஆட்களின் சட்டையெல்லாம் அவள் கையால்தான் மடிப்புப் பிடிக்கும். அவள் சொன்னால் தெருவே கேட்கும். அவளுடைய இரண்டு வயதுப் பெண் எந்நேரமும் வண்டிக்கடியில் விளையாடிக்கொண்டிருக்கும். ஒரு வாரம், பெட்டியில் ஐஸ் கரைய நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உரக்கக் கேட்டாள்.

"தெரு புள்ளைங்களுக்கெல்லாம் குத்துறேன்னு வந்துட்டியே சிஸ்டர், உம்புள்ளைக்குக் குத்துனியா?"

என் பையனுக்கு அப்போது ஏழு மாதம். ஒன்பது மாதம் ஆக வேண்டும் என்றேன். அவ்வளவுதான், வேடிக்கை பார்த்து நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். அம்மை இப்படிப் பரவும்போது ஏழு மாதத்திலும் போடலாம் என்றார். "ஆனா பிடிக்கும்னு உறுதி கிடையாது. தாய்கிட்டேருந்து வந்த எதிர்ப்புச் சக்தியே மருந்தை வேலை செய்ய விடாம பண்ணிடும். ஒன்பதாம் மாசம் மறுபடி போட்டாகணும்." சரி என்றேன். தினமும் அம்மை வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவள் நான். பிள்ளைக்குக் கொஞ்சமாவது காப்பு கிடைத்தால் போதும் என்றிருந்தது. தெருவின் வாயை மூட வேண்டும் என்ற வீம்பும் இருந்தது, இல்லாமல் என்ன.

அடுத்த வாரம் பால்வாடியில் எல்லோர் கண்ணெதிரிலும் அக்கா என் பையனுக்கு ஊசி போட்டாள். வீறிட்டு அழுதான். அதைப் பார்த்து ஒன்றிரண்டு தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். இஸ்திரிக்கார அம்மா மட்டும், "அடுத்த வாரம் வரைக்கும் பாக்கறேன். உம்புள்ள நல்லாகீதுன்னா எம்பொண்ணைத் தூக்கினு வரேன்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெருவே என் பிள்ளையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தது. பால் வாங்கப் போனால், "இன்னா, புள்ள எப்டிகீது?" தண்ணீர் பிடிக்கப் போனால், அங்கேயும் அதே கேள்வி. ஊசி பிடிக்காமல் அவனுக்கு அம்மை வந்துவிட்டால் இந்தத் தெருவில் இனி ஒரு குழந்தைக்கும் ஊசி போட முடியாது. அவன் பிழைக்க வேண்டுமே என்ற பயம் அதற்கும் மேலே. வேலையில் நின்றால் வீட்டு நினைப்பு, வீட்டுக்கு வந்தால் அவன் காதுக்குப் பின்னால் பார்ப்பது. அம்மைப் பொரி முதலில் அங்கேதான் தெரியும். என் கணவருக்கு நைட் ஷிப்ட், பகலில் அவர்தான் தூக்கச் சடவோடு பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். "திருப்பித் திருப்பிப் பாத்து நீயே அவன் காதைச் சிவக்க வெச்சிடுவே போலிருக்கு. கொஞ்சம் உக்காரு" என்பார். உட்கார முடிந்தால்தானே!

பால்வாடி நாள் காலையில் அவன் உடம்பு அனலாகக் கொதித்தது. மூக்கு ஒழுகியது, கண் கலங்கியிருந்தது, இருமினான். முதலில் காதுக்குப் பின்னால் பார்த்தேன், பொரி இல்லை. வார்டிலிருந்து நான் கொண்டுவந்த சளிக்காய்ச்சலாக இருக்கலாம். அம்மையும் இப்படித்தான் ஆரம்பிக்கும். பொரி வரும்வரை எந்த டாக்டரும் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

விஷயம் எனக்கு முன்னால் பால்வாடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஏழெட்டுப் பெண்கள் பிள்ளைகளோடு நின்றிருந்தார்கள், இஸ்திரிக்கார அம்மாவும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. அவர்களை நம்பி அக்கா அப்போதுதான் ஒரு குப்பியைக் கலக்கியிருந்தாள். கலக்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

"ஊசி போட்டும் ஜுரம் வந்துடுச்சாமே?" என்றாள் இஸ்திரிக்கார அம்மா.

"இது சளிக்காய்ச்சல்க்கா. அந்த ஊசி அம்மைக்குத்தான், இதுக்கில்லை."

"ஜுரத்துல கூடவா ஜாதி கீது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உன் பெண்ணுக்கு மட்டுமாவது போடவிடு, உன்னைப் பார்த்து மற்றவர்களும் போடுவார்கள் என்று, வாயைத் திறந்தால் சண்டை போடுகிற நான், கெஞ்சினேன். "உம்புள்ளை தேறட்டும் சிஸ்டர்" என்று கையை விடுவித்துக்கொண்டு போனாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் போய்விட்டார்கள். குப்பியிலிருந்த மருந்தை அக்கா கொட்டினாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பையன் காய்ச்சலில் கிடந்த நாட்களில் நான் என்ன சாப்பிட்டேன், எந்த பஸ்ஸில் ஏறினேன் என்பதெல்லாம் எனக்கு ஞாபகமில்லை. பொரி வர வேண்டிய நாள் வந்தது. வரவில்லை. மறுநாளும் காதுக்குப் பின்னால் சுத்தமாக இருந்தது. அதற்கடுத்த காலையில் உடம்பு குளிர்ந்து, வாழைப்பழத்தை முகமெல்லாம் அப்பிக்கொண்டு தவழ்ந்து வந்தான். "கர்த்தரே" என்று தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எனக்கு வந்த சந்தோஷத்தில் தெருவையே கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. இஸ்திரிக்கார அம்மா தானே வந்தாள். பையனைத் தூக்கி, சட்டையை விலக்கி முதுகைப் பார்த்தாள், காதை மடக்கிப் பார்த்தாள். "ஒண்ணும் காணோமே! நீ சொன்னது மெய்தான் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய், மகளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"லேசா ஜுரம் கீது. பயப்படாத, உம்புள்ளைக்கு வந்த அதே சளி ஜுரந்தான். ஆஸ்பத்திரிக்கே வரேன், இப்பவே போட்டுடு."

குழந்தை வெளிச்சத்துக்குக் கூசி முகத்தைத் தாயின் தோளில் புதைத்துக்கொண்டது. வாயைத் திறக்க வைத்துப் பார்த்தேன். கன்னத்தின் உட்புறம் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். சளிக்காய்ச்சலுக்கு அது வராது.

குழந்தை பிழைத்துக்கொண்டது, அதைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுச் சளியோடு ரொம்ப நாள் வார்டில் கிடந்தது. சீழ் வைத்து ஒரு காது கேட்காமல் போயிற்று. ஆனால் அன்றைக்கு அது எதுவும் எங்களுக்குத் தெரியாது. "ஆஸ்பத்திரிக்கு வாக்கா, ஆனா ஊசி வேணாம். அம்மை உள்ளே வந்துடுச்சு" என்றேன். அவள் மகளின் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, புஜத்தை என் பக்கம் நீட்டிப் பிடித்தபடியே நின்றாள்.

"அன்னிக்கு அந்தக் கெஞ்சு கெஞ்சுனே. இன்னிக்கு நானே வந்து கேக்குறேன், வேணாங்கறியே சிஸ்டர்!"