பச்சை நூல் கட்டிய காடை

சுருளிப்பட்டி சாலையோரம் காடை வளர்த்தே பிழைத்தவள் ஜெய்த்தூன் பீவி. ஏலத்தோட்டத்தில் மரம் விழுந்து கணவர் இறந்தபோது மகள் ஷர்மின் கைக்குழந்தை. அன்று தொட்டு அந்த முந்நூறு காடைகள்தான் அவளுக்குப் புருஷனும் பிறந்த வீடும்.

2005 தை மாதம் ஒரு காலை, வனவர் சுயம்புலிங்கம் இரண்டு காவலர்களோடு கொட்டகைக்குள் நுழைந்தார். அவள் காட்டுக்காடை பிடித்து விற்பதாக மனு போயிருந்தது. கூண்டு கூண்டாகப் பார்த்தார். எல்லாம் ஒன்றுபோலப் பழுப்பு. மொத்தத்தையும் வேனில் ஏற்றச் சொன்னார். ஆபீசில் விசாரித்துத் திருப்பித் தருவார்களாம். அந்த அலைச்சலில் பாதிகூட மிஞ்சாது.

காட்டுக்காடை இருந்தது. ஒன்றே ஒன்று. ஷர்மின் மஞ்சள் காமாலையில் கண் செருகிக் கிடந்தபோது, தர்காவுக்கு ஒரு காடை நேர்ந்திருந்தாள். விற்க வளர்த்ததை நேர்ச்சைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. சோளம் அறுத்தவர்களிடம் கேட்டு வாங்கிய அது, காலில் பச்சை நூலோடு, வெள்ளிக்கிழமை கந்தூரி விருந்துக்காகக் கீழ்க்கூண்டில் நின்றது. காட்டினால் அவள் குற்றவாளி. நேர்ச்சையும் முறியும். பிள்ளைக்கு மறுபடி ஏதாவது வந்துவிட்டால்?

காவலர்கள் முதல் கூண்டைத் தூக்கினார்கள். உள்ளே சிறகுகள் படபடவென்று கம்பியில் மோதின. ஜெய்த்தூன் குனிந்து, பச்சை நூல் கட்டிய பறவையை எடுத்து நீட்டினாள்.

"ரெண்டும் ஒரே சாதிதான் சார், அக்கா தங்கச்சி மாதிரி. மத்ததெல்லாம் சப்பான் காடை. கூண்டுலயே பொறந்து, அடைகாக்கக்கூட மறந்துபோனது. இது ஒண்ணுதான் மழைக்காடை. புல்லுலயும் சோளக்காட்டுலயும் திரியுறது. நெஞ்சுல கறுப்பு இருக்கு பாருங்க."

"இதக் கூண்டுல வச்சாலே கேஸுன்னு தெரியுமா?"

"பண்ணை ட்ரெயினிங்குலயே சொன்னாக சார். தெரிஞ்சுதான் வச்சேன்."

நூல் எதற்கு என்று கேட்டார். சொன்னாள். வாசலில் பள்ளிச் சீருடையில் நின்ற ஷர்மினை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, ஆண்டவனுக்கு அரசாங்கச் சொத்தையா நேருவ?"

கூண்டு தரையிறங்கியது. அபராதம் உண்டென்று சொல்லி, வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார். சோளக்காட்டு ஓரத்தில் அவளே நூலை அவிழ்த்தாள். பறவை நாலடி ஓடி, விருட்டென்று எழும்பி மறைந்தது. வேன் காலியாகத் திரும்பியது.

கொட்டகைக்கு வந்தவள், முட்டையிடுவதில் முதலாவதாக நின்ற பெட்டையைத் தேடிப் பிடித்து, அதன் காலில் பச்சை நூலைக் கட்டினாள். பிறகு ஷர்மினை வெளிச்சத்துக்கு இழுத்து, கீழிமையை விலக்கிப் பார்த்தாள். கண் வெள்ளையாகத்தான் இருந்தது, மஞ்சள் இல்லை. சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று முறை பார்த்தாள்.