கிட்ட நிற்கும் லென்ஸ்

2009ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் நான் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு செய்தார்கள். விட்டு வந்த ஊரில் போர் முடிந்த விதம் பற்றிய செய்திகளால் அந்த வருடம் எவருக்கும் கொண்டாட மனமிருக்கவில்லை. பெரியப்பாதான் விடவில்லை. நோர்பரியில் சின்ன மண்டபம் ஒன்றை எடுத்துச் சுருக்கமாகச் செய்துவிடலாம் என்றார். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

அன்று வந்தவர்களில் என் கண்ணை நிறைத்தவர் மாமி, அப்பாவின் தங்கை. சரியாகச் சொன்னால், அவருடைய கழுத்தில் தொங்கிய கமரா. அப்போதுதான் கடைக்கு வந்த புது டிஜிட்டல் கமரா அது. பார்வைக்கோ கறுப்பு வெள்ளைப் படக் காலத்துச் சாமான் போல இருந்தது. வெள்ளி நிற உடம்பு, மண்ணிறத் தோல் உறை, ஒரு கையில் அடங்கும் அளவு. லென்ஸைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம் என்பதுதான் பெரிய அதிசயம். மாமியிடம் இரண்டு இருந்தன: தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் நீட்டு லென்ஸ் ஒன்று, பிஸ்கட் போலத் தட்டையாக இன்னொன்று.

மாமி அப்டன் பார்க்கில் ஒரு நகைக்கடையில் வேலை செய்தார். நாள் முழுக்க மற்றவர்களின் கழுத்தில் சங்கிலி பூட்டி அழகு பார்ப்பவர், மாமா இறந்தபிறகு தான் ஒன்றும் போடுவதில்லை. அந்தக் கமராவை மட்டும் பதக்கம் போலப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். விளையாட்டுச் சாமானா என்று பெரியப்பா கேட்டதற்கு, வடிவாயிருந்தது, வாங்கினேன் என்றார்.

கொண்டாட்ட வீடுகளில் அவர் எப்போதும் கடைசி வரிசையில்தான் இருப்பார். அங்கே போய் இரு என்று யாரும் சொன்னதில்லை. எழும்பி முன்னுக்கு வா என்றும் யாரும் சொன்னதில்லை. முறைப்படி மாமி எனக்கு எடுக்கவேண்டிய முதல் ஆலாத்தியை, அன்று அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா எடுத்தார். அவருக்குக் கணவர் உயிரோடு இருந்தார், அதுதான் தகுதி.

ஆலாத்தித் தட்டு என் முகத்துக்கு முன்னால் சுற்றத் தொடங்கியபோது மாமி எழும்பினார். வரிசைகளைக் கடந்து நேரே வந்து மேடைப் படியடியில் நின்றார். மண்டபத்தில் பேச்சுக் குறைந்தது. பெரியப்பா சிரித்த முகத்தோடு அவருக்குப் பக்கத்தில் போனார்.

“பின்னாலை இருந்தே எடுக்கலாம்தானே, பிள்ளை. அந்த நீட்டு லென்ஸ் தூரத்திலை இருந்தும் எடுக்கும் எண்டு நீதானே சொன்னனீ.”

மாமி நீட்டு லென்ஸைத் திருகிக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தார். தட்டையானதை எடுத்து, அவசரப்படாமல் பூட்டினார்.

“இதாலை ஏலாது அண்ணை. இதுக்குக் கிட்டத்தான் நிக்கவேணும்.”

சொல்லிவிட்டுப் படியேறினார். பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா தன் போனில் எதையோ தேடினார். கூலிக்குப் படம் எடுக்க வந்தவர் தன் பெரிய கறுப்புக் கமராவுக்குப் பின்னாலிருந்து, தள்ளி நிற்கும்படி மாமியைக் கேட்டார், மாமி அசையவில்லை. என் பக்கத்தில் நின்ற அம்மா குனிந்து, குத்துவிளக்கை ஒரு பக்கமாக நகர்த்தி மாமிக்கு இடம்விட்டார்.

எனக்கோ அந்தக் கமராவை அவ்வளவு கிட்டத்தில் பார்த்த புளுகம், சிரிப்பு அடங்கவில்லை. படக்காரர் எத்தனை தரம் கூப்பிட்டும் நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அவர் கொடுத்த ஆல்பத்தில் ஆலாத்திப் படங்கள் எல்லாவற்றிலும் நான் வேறெங்கோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மாமி எடுத்த படங்களில் நேராகப் பார்க்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது மாமி காரின் பின்சீட்டில் என்னோடு இருந்தார். கமராவை என் மடியில் வைத்துப் பார்க்க விட்டார். நீட்டு லென்ஸால் எடுத்திருந்தால் இருந்த இடத்திலிருந்தே எடுத்திருக்கலாமே என்று கேட்டேன்.

“இருந்து இருந்து அலுத்துப்போச்சு, குஞ்சு.”

மண்டபத்துக் கதிரைகள் அவ்வளவு மோசமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தமுறை மாமிக்கு நல்ல மெத்தைக் கதிரையாகப் போடச்சொல்லிப் பெரியப்பாவிடம் சொல்லுங்கள் என்று, கார் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன்.  முன்னால் சிவப்பு விளக்கு பச்சையாக மாறியபிறகும், பின்னால் நின்ற கார்கள் ஹோர்ன் அடிக்கும்வரை அப்பா காரை எடுக்கவில்லை.