உரிமச் சீட்டோடு விற்ற முதல் வீடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் வீட்டுத் தரகனாவதற்குப் பெரிய படிப்பொன்றும் தேவைப்படவில்லை. வெளுத்த சட்டை, கக்கத்தில் ஒரு குடை, கூசாமல் பொய் சொல்ல ஒரு வாய். மூன்றும் என்னிடம் இருந்தன. அதை வைத்தே இரண்டு வருஷம் உப்பளம் பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடுகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று அரசாங்கத்துக்கு எங்கள் ஒழுக்கத்தின் மேல் அக்கறை பிறந்தது. உரிமச் சீட்டு இல்லாத தரகன் இனி என் வாசல்படி ஏறக்கூடாது என்று, பத்திரம் எழுதும் நொத்தேர் சொல்லிவிட்டார்.

சீட்டு கொடுக்கும் ஆபீசில் ஒரு குமாஸ்தா இருந்தார். தமிழர்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் தமிழ் மறந்துவிடும், மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தால் ஞாபகம் வந்துவிடும். அவர் எழுந்திருக்கும் நேரம் பார்த்துப் போகவேண்டும் என்று மூன்றாம் நாள்தான் எனக்குப் புத்தி வந்தது. பிறப்புச் சான்று கேட்டார், கொடுத்தேன். நன்னடத்தைச் சான்று கேட்டார். என்னைத் தெரியாத ஒரு பெரிய மனிதரிடம் வாங்கிக் கொடுத்தேன். தெரிந்தவர்கள் யாரும் எழுதித் தர முன்வரவில்லை.

"சொந்த வீடு இருக்கிறவரு ஒருத்தரு ஜாமீன் கையெழுத்து போடணும். ஒனக்கு வீடு இருக்கா?"

"வாடகை வீடுங்க."

"வீடே இல்லாதவன் வீடு விக்க வந்துட்டான்" என்றார், பக்கத்து மேசையைப் பார்த்து.

எனக்காகக் கையெழுத்துப் போடக்கூடிய வீட்டுக்காரர் ஒருவர்தான் இருந்தார், நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். தினமும் காலைப் பூசைக்குத் தவறாதவர். மற்ற நேரமெல்லாம் சொத்தையே நினைத்துக்கொண்டிருப்பார். பூசை நேரத்தில் எதை நினைத்தார் என்று எனக்குத் தெரியாது.

"போட்டுத் தரேம்பா. ஆனா சீட்டு வந்ததும் மொதல்ல என் வீட்ட வித்துக் குடுக்கணும்."

"எந்த வீடுங்க?"

"நான் இருக்கிறதையா விப்பேன்? நீ இருக்கிறதத்தான்."

"அப்ப நாங்க எங்கீங்க போறது?"

"நீ தரகன். ஒனக்கா வீடு கெடைக்காது?"

அந்தப் புகழ்ச்சியில் நான் குளிர்ந்துபோனேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. மனைவிக்கு அப்போது ஏழாம் மாசம். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாங்க ஆள் கிடைக்க ஒரு வருஷமாவது ஆகும், அதற்குள் பிள்ளை பிறந்துவிடும் என்று நினைத்தேன். என் தொழில் திறமையில் எனக்கிருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

சீட்டு கைக்கு வந்த பத்தாம் நாளே வீட்டுக்காரர் ஓர் ஆளைப் பிடித்து அனுப்பிவிட்டார். சைகோனில் உத்தியோகம் பார்த்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். அவரைக் கூட்டிப்போகும் வழியில், வாங்க வருகிற எல்லாரிடமும் சொல்வதை இவரிடமும் சொன்னேன். "குடியிருக்கிறவங்க பேச்ச மட்டும் நம்பாதீங்க முசியே. காலி பண்ண மனசில்லாம, ஒழுவுது, கெணறு உப்புன்னு எதையாவது சொல்லுவாங்க." வாய் பழக்கத்தில் தானாக ஓடிவிட்டது.

யாரோ விருந்தாளி என்று நினைத்து மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஐயா, மழ வந்தா இந்த அறையில நாலு எடத்துல சட்டி வெக்கணும். கெணத்துத் தண்ணியில பருப்பு வேகாது. பின்சொவரு பூராவும் கரையான்."

அத்தனையும் நிஜம். சட்டி வைக்கிறவனே நான்தான். சைகோன்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"நீங்க சொன்னது சரியாப்போச்சு. வார்த்த மாறாம சொல்றாங்களே!"

இவள் என் மனைவி, பொய் சொல்லத் தெரியாதவள் என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். ஜாமீன் போட்டவர் கையெழுத்தை வாபஸ் வாங்கிவிடுவாரே என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். அவளும் என்னைப் புருஷன் என்று சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளப் பிடித்திருக்காது.

வாசலுக்கு வந்ததும் அவர் கேட்டார், "இந்தம்மா வீட்டுக்காரன் தகராறு பண்ணுவானா?"

"நல்ல மனுஷந்தாங்க. சொன்னா கேப்பான். ஒரு மாசத்துல காலி பண்ணிடுவான்."

சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். அந்த வாரமே நொத்தேர் பத்திரத்தைப் பிரெஞ்சில் வாசிக்க, ஒரு மாதத்தில் வீடு காலியாகும் என்பதற்குச் சாட்சியாகத் தரகன் என்று கையெழுத்துப் போட்டேன். சீட்டு வாங்கியபின் என் முதல் கையெழுத்து அது.

மறுநாளிலிருந்து வாடகை வீடு தேடினோம். உரிமச் சீட்டைக் காட்டினால் கதவு திறக்கும் என்று நம்பி, எல்லா வாசலிலும் எடுத்து நீட்டினேன். திறந்திருந்த கதவும் மூடியது. இருபது நாள் இப்படியே போயிற்று. கடைசியில் ஒரு தெருவில் மனைவிக்கு நடக்க முடியாமல் மூச்சு வாங்கியது. ஒரு வீட்டுக்கார அம்மாள் அவளை உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பின்கட்டு காலியாகத்தான் இருந்தது, கொடுக்க அவருக்கு மனசும் இருந்தது. என்னை வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே மனைவி அடக்கிவைத்திருந்தாள்.

"ஒங்க வீட்டுக்காரருக்கு என்ன தொழிலு?"

அவளுக்குத்தான் பொய் வராதே. "வீட்டுத் தரகருங்க" என்றாள்.

அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. "வேணாம்மா. தரகனுக்கு வீட்டக் குடுத்தா, உன்னையும் உள்ள வெச்சே வித்துட்டுப் போயிடுவான்."

"ஒரு தரம் வித்துட்டாருங்க" என்று சொல்லி, மனைவி தம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.